அன்றாடப் படங்களுக்குக் கதைக்குறிப்பு எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

தெருவில், சந்தையில், வீட்டில் எடுத்த படத்துக்குக் கீழே நாலு வரி எழுத உட்காரும்போது புதியவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். படம் எடுத்துச் சில வாரம் ஆகியிருக்கும். படத்தில் இருப்பவரின் பெயர் தெரியாது. தெருப் பெயர் மறந்துவிட்டது. அன்றைக்கு அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மனதில் தங்கவில்லை. அப்போது கை தானாக ‘உழைப்பின் முகம்’ என்று எழுதிவிடுகிறது.

எழுத்துத் திறமைக் குறைவால் இது நடப்பதில்லை. வேலையின் வரிசை மாறிப்போனதால் நடக்கிறது. கதைக்கு வேண்டியதில் பெரும்பகுதி படம் எடுத்த இடத்திலேயே, எடுத்த சில நிமிடங்களுக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். வீட்டில் மேசை முன்னால் செய்வது மிச்ச வேலை மட்டும்தான். அந்த வரிசைப்படியே கீழே சொல்கிறேன்.

1. கிளம்பும் முன்

கேமராவின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். படம் பதிவாகும்போதே தேதி, நேரம், லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் அந்தக் கோப்புக்குள் சேர்ந்துவிடும். எக்ஸிஃப் தகவல் என்பது இதுதான். பேட்டரி இல்லாமல் வெகுநாள் கிடந்த கேமராவில் தேதி பின்னால் போயிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் முதல் படமாக உங்கள் போன் திரையில் தெரியும் நேரத்தை எடுத்துவிடுங்கள். கேமரா எவ்வளவு தள்ளி ஓடுகிறது என்று அதிலிருந்து கணக்கிட்டு, எல்லாப் படங்களின் நேரத்தையும் பிறகு மொத்தமாகத் திருத்தலாம்.

போனில் எடுப்பவர்கள் இருப்பிடப் பதிவை இயக்கி வையுங்கள். தனிக் கேமரா என்றால், ஒவ்வொரு தெருவில் நுழையும்போதும் அந்தத் தெருப் பலகையையோ ஊர்ப் பெயர் உள்ள கடைப் பலகையையோ ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை, எழுத்து தெரிந்தால் போதும்.

சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். போனே போதாதா என்று பலர் கேட்பார்கள். போனைத் தட்டிக்கொண்டே பேசினால், நாம் கவனிக்கவில்லை என்றுதான் எதிரில் இருப்பவருக்குத் தோன்றும். தான் சொன்னதை ஒருவர் நோட்டில் எழுதிக்கொள்வதைப் பார்த்தால் அவரே நிதானமாக, விவரமாகச் சொல்லத் தொடங்குவார்.

கடைசியாக, உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “அண்ணே, நான் போட்டோ எடுத்துப் பழகுறேன், இந்த ஏரியாவுல தெனமும் நடக்குற வேலைங்களை எடுக்குறேன்” என்பது போதும். பத்திரிகையா, டிவியா, கட்சியா என்ற சந்தேகம் முதலிலேயே தீர்ந்தால்தான் மற்ற பேச்சு நடக்கும். நீங்கள் யாரோ அதை மட்டும் சொல்லுங்கள். பத்திரிகைக்காரர் என்று பொய் சொல்லிக் கிடைக்கும் எந்தக் கதையையும் பின்னால் பயன்படுத்த முடியாது.

2. முதலில் படமா, பேச்சா

கணத்தில் மறைந்துவிடும் காட்சி என்றால் முதலில் படம். பஸ் ஜன்னலில் கை நீட்டிப் பூ வாங்கும் பெண்ணிடம் அனுமதி கேட்டு முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். ஆனால் எடுத்தவுடன் கேமராவைத் தாழ்த்திவிட்டு, பூக்காரம்மாவிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். எடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நகர்ந்துபோவதுதான் புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. கூச்சம்தான் காரணம், புரிகிறது. ஆனால் அந்த இடத்தை விட்டு நகர்ந்த நிமிடமே கதையும் போய்விடும்.

ஒருவர் வேலை செய்வதையோ அவர் முகத்தையோ எடுக்கப்போகிறீர்கள் என்றால் பேச்சுதான் முதலில். கொஞ்ச நேரம் பேசியபின் அவர் மறுபடி தன் வேலையில் மூழ்கிவிடுவார். வேலையில் எந்தக் கட்டம் முக்கியம், எப்போது கையை உயர்த்துவார் என்பதெல்லாம் உங்களுக்கும் அதற்குள் தெரிந்துவிடும். படமும் நன்றாக வரும்.

3. என்ன கேட்பது

இந்தக் கட்டத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. ‘கஷ்டமா இருக்கா?’ என்று கேட்டால், “ஆமாம்ப்பா, என்ன பண்றது” என்ற பதில் மட்டும் வரும். அந்தக் கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கேட்டுவிட்டீர்கள். அவர் தலையாட்டுகிறார், அவ்வளவுதான்.

கையில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குங்கள். சென்னைத் தெருமுனையில் மரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியை எடுத்துக்கொள்வோம். பெட்டிக்குள் போடுவது என்ன கரி? ஒருமுறை போட்டால் எத்தனை துணி வரைக்கும் அனல் தாங்கும்? கேஸ் பெட்டிக்கு ஏன் மாறவில்லை, அல்லது ஏன் மாறினீர்கள்? எந்தத் துணி தேய்க்கக் கஷ்டம்? எந்த வீட்டுத் துணி எது என்று எப்படி அடையாளம் வைத்துக்கொள்கிறீர்கள்? மழை வந்தால் வண்டியை எங்கே தள்ளுவீர்கள்?

இவை எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். பதில் சொல்லும்போது அவர் தொழில் தெரிந்தவராகப் பேசுகிறார், நீங்கள் கற்றுக்கொள்பவராக நிற்கிறீர்கள். குடும்பம், ஊர், வருமானம் பற்றிய பேச்சு வர வேண்டுமென்றால் இதற்குள்ளிருந்து தானாகவே வரும். வராவிட்டால் தோண்ட வேண்டாம்.

நேரம், வழக்கம், மாற்றம் என்ற மூன்றையும் எப்படியாவது தொட்டுவிடுங்கள். இந்த வேலை ஏன் இந்த நேரத்தில் நடக்கிறது, தினமும் இப்படித்தானா, முன்பு எப்படி இருந்தது. இந்த மூன்றும் படத்தில் தெரியாதவை. படத்தில் தெரியாததைச் சொல்லத்தானே குறிப்பு எழுதுகிறோம்.

பெயரைக் கேளுங்கள், எப்படி எழுதுவது என்றும் கேளுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரோத்தியா லாங் 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோ அருகே பட்டாணி பறிப்பவர்களின் முகாமில் எடுத்த, ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று அறியப்படும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிய 1978 ஆனது. அந்தப் பெண் காரின் டயர்களை விற்றுச் சாப்பாடு வாங்கியதாக லாங் பின்னாளில் எழுதியதை அந்தக் குடும்பம் மறுத்தது. அவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே, சில நிமிடச் சந்திப்பில் கேட்காமல் விட்டதும் தப்பாக நினைவில் நின்றதும் பல்லாண்டுக் காலம் அந்தப் படத்தோடு ஒட்டிக்கொண்டன. பெயரும் ஒரு போன் நம்பரும் வாங்கிக்கொண்டால், எழுதும்போது வரும் சந்தேகத்தை அவரிடமே கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

அவர் சொன்ன ஒரு வாக்கியத்தையாவது அவர் வாயில் வந்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவர் பேச்சை ஒலிப்பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால், விடைபெற்றுப் பத்தடி தள்ளி நின்று, கேட்டதை எல்லாம் உங்கள் குரலிலேயே போனில் பேசிப் பதிந்துகொள்ளுங்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் நம் நினைவு சொற்களை மாற்றிவிடும்.

4. அனுமதியும் ஒரு பிரதியும்

‘எடுக்கலாமா’ என்பது ஒரு கேள்வி, ‘போடலாமா’ என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். “போட்டோ எடுத்துக்கோப்பா” என்று சொன்னவர், அது ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் தன் கதையோடு வரும் என்று நினைத்திருக்கவே மாட்டார். கேமராத் திரையில் படத்தைக் காட்டி, எங்கே போடப்போகிறீர்கள், பெயர் போடலாமா, அவர் சொன்னதில் எதை எழுதப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமலே எழுதுங்கள். பொய்ப் பெயர் வைக்காதீர்கள். வாசிப்பவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார்.

குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வெளியிடவே வேண்டாம். சம்மதம் கிடைத்தாலும் பள்ளிச் சீருடை பேட்ஜ், வீட்டுக் கதவு எண், வண்டி நம்பர் தெரிகிறதா என்று பார்த்து அவற்றை விலக்கி வெட்டுங்கள். மருத்துவமனை, சாவு வீடு, கடன் தகராறு போன்ற இடங்களில் எடுத்தவை உங்களிடமே இருக்கட்டும்.

ஒரு பிரதி அச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஸ்டூடியோவில் ஒரு சின்ன அச்சுக்குப் பெரிய செலவு ஆகாது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்பது முதல் காரணம். இரண்டாவது, நல்ல கதை இரண்டாம் சந்திப்பில்தான் கிடைக்கிறது. படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரே ஓரத்தில் இருக்கும் ஏதோ ஒன்றைக் காட்டி, “இது என்னன்னு தெரியுமா?” என்று ஆரம்பிப்பார்.

5. அன்று இரவே

படங்களைக் கணினிக்கோ வேறொரு சேமிப்புக்கோ மாற்றியதும், தூங்குவதற்கு முன் ஒவ்வொரு நல்ல படத்துக்கும் ஐந்து விவரம் எழுதிவிடுங்கள்: யார், எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருந்தார், அவர் சொன்னது என்ன. நடை பற்றிக் கவலைப்பட வேண்டாம், துண்டு துண்டாக இருக்கட்டும்.

இதைத் தனி நோட்டில் மட்டும் வைக்காமல் படக் கோப்புக்குள்ளேயே எழுதுவது நல்லது. படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள்களான லைட்ரூமிலும், இலவசமாகக் கிடைக்கும் டிஜிகாமிலும் விளக்கத்துக்கென்றே ஓர் இடம் இருக்கிறது. அங்கே தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். நோட்டு தொலைந்தாலும் படத்தோடு விவரம் இருக்கும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு தேதி, இடம் போன்ற தகவலும் உதிர்ந்துவிடும். நண்பருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். முழுதாக அனுப்ப வேண்டுமானால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

6. எந்தப் படத்துக்குக் கதை எழுதுவது

சில நாள் கழித்துத் தேர்ந்தெடுங்கள். எடுத்த அன்று எல்லாமே நன்றாகத் தெரியும்.

என் சோதனை எளிமையானது. படத்தை மறைத்துவிட்டு ஐந்து விவரங்களை மட்டும் படியுங்கள். கேட்க ஆசை வருகிறதா? பிறகு விவரத்தை மறைத்துப் படத்தை மட்டும் பாருங்கள். கண் நிற்கிறதா? இரண்டும் தனியாக நின்று, சேர்த்துப் பார்க்கும்போது புதிதாக ஒன்று தெரிந்தால் அந்தப் படம்தான். கொஞ்சம் ஆடிய படமாக இருந்தாலும் கதை உறுதியாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். படம் மட்டுமே போதும் என்றால் இடமும் தேதியும் போட்டு விட்டுவிடுங்கள். எல்லாப் படத்துக்கும் கதை கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

7. சரிபார்த்தல்

படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். பின்னால் தெரியும் விலைப் பலகை, காலண்டர், சுவரொட்டி, பஸ் தடம் எண் எல்லாம் சாட்சிகள். நீங்கள் எழுதியிருப்பதோடு அவை ஒத்துப்போகின்றனவா?

அடுத்து, படத்தின் தேதியை அந்தத் தொழிலின் பருவத்தோடு பொருத்திப் பாருங்கள். மே மாதம் காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கிக் கட்டி நிற்கின்றன, கரையில் ஒருவர் வலையை விரித்து உட்கார்ந்திருக்கிறார். ‘மீன் கிடைக்காமல் தவிக்கும் மீனவர்’ என்று எழுதத் தோன்றும். ஆனால் தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக விடப்படும் நாட்கள் அவை. படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் எஞ்சின் பழுது பார்ப்பதும் வலை சீராக்குவதும் அப்போதுதான். அவர் அந்த வருடத்து வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம். வருமானம் இல்லாத கவலையும் இருக்கலாம். எது என்று அவரிடம் கேட்டிருந்தால்தான் எழுத முடியும்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஜனவரியில் மல்லிகைக் கூடை பாதி காலியாக இருப்பதைப் பார்த்து ‘விற்றுத் தீர்ந்தது’ என்று எழுதுவதும் இப்படித்தான். பனிக்காலத்தில் மல்லிகை வரத்தே குறைவு. பொங்கல் நேரத்தில் தேவையும் கூடுவதால் விலை ஏறிவிடும். கூடை ஏன் காலி என்று வியாபாரியிடம் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும் விஷயம்.

8. எழுதுதல்

முதல் வரியில் படத்தில் தெரிவதையே திரும்பச் சொல்லாதீர்கள். ‘ஒரு முதியவர் துணி தேய்க்கிறார்’ என்று வாசிப்பவருக்குச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். படத்துக்கு வெளியே இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: நேரம், அதற்கு முன் நடந்தது, சட்டகத்துக்கு வெளியே நிற்கும் ஆள்.

பிறகு கண்ணை ஓர் இடத்துக்குக் கொண்டுபோங்கள். படத்தில் இருந்தும் கவனிக்காமல் விட்டிருக்கக்கூடிய ஒரு பொருளைச் சொன்னால், வாசிப்பவர் மறுபடி மேலே போய்ப் படத்தைப் பார்ப்பார். அப்படி அவர் திரும்பிப் பார்த்தால் குறிப்பு தன் வேலையைச் செய்துவிட்டது.

அப்புறம் அவருடைய சொந்தச் சொல் ஒன்று. நீளமான பேட்டி வேண்டாம், ஒரு வாக்கியம் போதும்.

புதியவர்கள் வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: ‘வெயிலிலும் மழையிலும் ஓயாது உழைக்கும் கைகள். நம் சட்டையின் மடிப்புக்குப் பின்னால் ஒரு ஏழையின் வியர்வை.’ இது எந்த ஊர், யார், எப்போது? எந்த இஸ்திரி வண்டிப் படத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். அந்த மனிதரைப் பற்றி ஒன்றுமே இதில் இல்லை.

அதே படத்துக்கு வேறு மாதிரி:

‘காலை எட்டரை. பள்ளிச் சீருடைகள் முடிந்து இப்போது ஆபீஸ் சட்டைகள். பெட்டிக்குள் கொட்டாங்குச்சிக் கரி. அனல் குறைந்தால் பெட்டியைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டிக் காற்றுக் கொடுக்கிறார். “கேஸ் பெட்டி வாங்கலாம்தான், ஆனா காட்டன் புடவைக்கு இந்தக் கனம் வேணும்” என்கிறார். வண்டியின் இடது ஓரத்தில் தனியாக மடித்து வைத்திருக்கும் வெள்ளை வேட்டி பக்கத்துத் தெருப் பெரியவருடையது. அதற்கு இவர் காசு வாங்குவதில்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.’

ஏழை, உழைப்பு, வியர்வை என்ற சொல் ஒன்றும் இல்லை. அவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த வேட்டியில் தெரிகிறது. அந்த வேட்டி யாருடையது என்று கேட்டிருக்காவிட்டால் இந்த வரி கிடைத்திருக்காது.

எழுதி முடித்ததும் பெயரடைகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். ‘சோகமான கண்கள்’ என்பதில் சோகம் உங்களுடைய ஊகம். அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கலாம். பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள், அவர் மனதில் என்ன ஓடியது என்பதை எழுதாதீர்கள். ஊகமாகவே சொல்ல வேண்டுமென்றால் ‘எனக்குத் தோன்றியது’ என்று உங்கள் பேரில் எழுதுங்கள்.

நூறு சொல் அளவு போதும். கேமரா, லென்ஸ் விவரம் வேண்டுமானால் கடைசியில் ஒரு வரி.

9. வீட்டுப் படங்கள்

வீட்டுக்குள் எடுத்ததுதான் எழுதக் கடினம். எல்லாம் தெரியும் என்று நினைப்பதால் எதையும் கேட்பதில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அம்மா வடகம் பிழிகிறார் என்று வையுங்கள். ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். விடியும் முன்பே ஏன் மாவு கிண்டுகிறார், பழைய வேட்டியை ஈரமாக்கி ஏன் விரிக்கிறார், வடகம் பிழியும் அந்த நாழி யார் வீட்டிலிருந்து வந்தது, இந்த அளவை யாரிடம் கற்றார் என்று கேட்டுப் பாருங்கள். “இதையெல்லாம் போய்க் கேட்டுக்கிட்டு” என்று தொடங்கி, நீங்கள் இதுவரை கேட்டிராத ஒரு பெரியம்மாவின் கதைக்குப் போவார்.

வெளி ஆளிடம் கேட்பதுபோல் வீட்டிலும் அனுமதி கேளுங்கள். அம்மா நைட்டியில் இருக்கும் படத்தை அவருக்குத் தெரியாமல் ஊர் பார்க்கப் போடுவது சரியில்லை.

10. வெளியிடும் முன்னும் பின்னும்

எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். போனில் படித்தாலும் போதும். பெயர், ஊர், எண்கள் இங்கேதான் திருந்தும். அவர் ஒரு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். அந்த வரிதான் உயிர் என்று தோன்றினால் வேறு படம் போடுங்கள்.

வீடுகளில் எடுத்த படங்களில் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் பகிருங்கள். ஐபோனில் பகிரும் திரையிலேயே அதற்கு விருப்பம் உண்டு. சில தளங்கள் தாமாகவே நீக்கும், சில நீக்காது. அதனால் நாமே செய்துவிடுவது பாதுகாப்பு. உங்களிடம் உள்ள மூலக் கோப்பில் மட்டும் அது அப்படியே இருக்கட்டும்.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வழியாகக் கேட்பதற்கென்று படத்துக்கு மாற்று உரை சேர்க்கும் வசதி இப்போது பல இடங்களில் இருக்கிறது. கதைக்குறிப்பில் சொல்லாமல் விட்ட காட்சி விவரத்தை அங்கே எழுதுங்கள்: யார் எந்தப் பக்கம் நிற்கிறார், கையில் என்ன, வெளிச்சம் எங்கிருந்து.

வெளியிட்ட பிறகு யாராவது “அது அந்தத் தெரு இல்லை, பக்கத்துத் தெரு” என்று சொன்னால் விசாரித்து உடனே திருத்துங்கள். திருத்திய தேதியையும் ஒரு வரியாகப் போடுங்கள். கோப்புக்குள் எழுதிய விளக்கத்திலும் அதே திருத்தத்தைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் கண்காட்சிக்கோ ஆல்பத்துக்கோ அந்தப் படத்தை எடுக்கும்போது பழைய பிழை மறுபடி வந்துவிடும்.